கையெழுத்துப் போட்ட அத்தை



1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. பகலில் வயல் வேலை பார்த்த பெண்கள் ராத்திரியில் கூடி எழுத்துப் படித்தார்கள், சைக்கிளும் பழகினார்கள். அவர்களில் ஒருவர்தான் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை. அப்போது நான் கைக்குழந்தை.

நான் எட்டாவது முடித்ததும், ஹைஸ்கூல் தூரம் என்று வீட்டில் நிறுத்தப் பார்த்தார்கள். அத்தைதான் தன் பழைய சைக்கிளைக் கொடுத்துக் கண்மாய்க் கரையில் பழக்கினார். "விழுந்தா எந்திரிச்சுக்கலாம் ஆத்தா, வீட்டுலயே உக்காந்துட்டா எந்திரிக்க முடியாது" என்பார். அப்படித்தான் பத்தாவது முடித்தேன்.

பிறகு மகளிர் திட்டத்தில் எங்கள் தெருவிலும் குழு ஆரம்பித்தோம். நோட்டு எழுத என்னை உட்கார வைத்தார். ஒரு தடவை கணக்கில் 20 ரூபாய் உதைத்தது. என் காசைப் போட்டுச் சரிக்கட்டப் போனேன். "காசு போட்டா பெட்டிதான் சரியாகும், நோட்டு சரியாகுமா? தப்பு எங்கேன்னு பாரு" என்றார். சேமிப்பு கட்டாத ஒருவருக்குக் கட்டியதாக எழுதியிருந்தேன். அன்று கற்றதை இன்றும் விடவில்லை.

அத்தை இப்போது இல்லை. ஆனால் எங்கள் குழுவில் இரண்டு பேர் இன்னும் கைநாட்டுதான் வைக்கிறார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் பழக்க ஆரம்பித்திருக்கிறேன். உங்கள் குழுவிலும் பாருங்கள் அக்கா.