அளவு மீறிய கியர் எண்ணெய்

தானியங்கி கியர் பெட்டியில் எண்ணெய் மசகு மட்டுமல்ல. அழுத்தத்தைக் கடத்திக் கிளட்சுகளை இறுக்குவதும் அதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரா-மேட்டிக் கியர் பெட்டியை அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனத்தின் தானியங்கி கியர் பெட்டிகளுக்கென 'டைப் ஏ' எண்ணெய்த் தரம் 1949இலும், 'டெக்ஸ்ரான்' 1967இலும் வந்தன. அக்கால எண்ணெய்களில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது என்பது இன்று நம்பக் கடினமான செய்தி.

எண்ணெய் குறைந்தால் கெடுதி என்பதை ஓட்டுநர்கள் விரைவில் கற்றார்கள். மிகுந்தாலும் கெடுதி என்பது அவ்வளவு எளிதில் பதியவில்லை. மட்டம் உயர்ந்தால் சுழலும் பற்சக்கரங்கள் எண்ணெயைத் தயிர்போலக் கடைந்து நுரைக்க வைக்கும். நுரையிலுள்ள காற்று அமுங்கக்கூடியது. ஆகவே அழுத்தம் தளர்ந்து, கிளட்சுகள் வழுக்கி, சூடு ஏறும். மிகுதி எண்ணெய் காற்றுத்துளை வழியே வெளியேறிச் சூடான புகைக்குழாயில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும்.

தவறு பெரும்பாலும் அளவுக்குச்சியில்தான் தொடங்கியது. சூடானால் எண்ணெய் விரியும். குளிர்ந்த எண்ணெயைச் 'சூடு' குறிவரை ஊற்றியவர்கள் பலர். எண்ணெய் மாற்றும்போது டார்க் கன்வெர்ட்டரில் பழையது தங்கியிருப்பதை மறந்து, கையேட்டிலுள்ள மொத்தக் கொள்ளளவையும் ஊற்றியவர்களும் உண்டு.

பிற்காலக் கார்கள் பலவற்றில் அந்தக் குச்சியே இல்லை. குறித்த வெப்பநிலையில் மட்டம் பார்க்கும் திருகைக் கழற்றினால் மிகுதி தானே வடிந்துவிடும்.