மூவாயிரமும் பதினால்வரும்

இடையஞ்சாவடியிலிருந்து சற்றுத் தெற்கே புதுச்சேரி. நூறாண்டுகளுக்கு முன் இவ்வூர் ஆங்கிலேயர் ஆட்சியில். அந்நகரோ பிரெஞ்சுக்காரர் வசம். அந்த எல்லையே தலைமறைவுப் புரட்சியாளர்களுக்கு அரணாயிற்று. நீலகண்ட பிரம்மச்சாரி 1910இல் திருநெல்வேலிச் சீமையில் திரட்டிய பாரதமாதா சங்கத்தைச் சேர்ந்த வாஞ்சிநாதன், அங்கேதான் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார்.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவர் சட்டைப்பையிலிருந்த கடிதம் 3000 பேர் சபதமேற்றிருப்பதாக முழங்கியது. வழக்கில் நிறுத்தப்பட்டவர்களோ 14 பேர். நீலகண்டருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல், சங்கம் சிதறியது.

1908இல் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலி நகரமே கொதித்தெழுந்ததை நாம் அறிவோம். அடக்குமுறை அம்மக்களை வீட்டுக்குள் தள்ளியது. எஞ்சிய சிலரின் தனிமையே ரகசியச் சங்கமாயிற்று. மூவாயிரம் என்ற அந்த எண்ணை, இழந்துவிட்ட கூட்டத்துக்கான ஏக்கமாகவே நாம் வாசிக்கிறோம்.