பழைய கார்களில் பிரேக் பிடித்துக்கொள்ளுதல்

பிரேக் பிடித்துக்கொள்ளுதல் என்பது, ஓட்டுநர் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் முழுதாக விடுபடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டே இருக்கும் கோளாறாகும். சென்னைப் பட்டறைகளில் இதைப் 'பிரேக் ஜாம்' என்பார்கள். பிரேக் பிடிக்காமல் போவதற்கு அஞ்சும் அளவுக்கு, விடாமல் போவதற்கு யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் இரண்டாவது கோளாறு முதலாவதில் கொண்டுபோய் விடக்கூடியது. உரசும் டிரம் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் சக்கர பேரிங்கின் கிரீஸ் உருகி வழிகிறது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், பெடல் தரை வரை அமுங்கும், வண்டி நிற்காது.

இந்தக் கோளாறின் தொல்லை என்னவென்றால், அது தேடும்போது கிடைக்காது. ஆதம்பாக்கத்திலிருந்து காலையில் நன்றாகக் கிளம்பும் ஒரு பழைய அம்பாசிடர், ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோல் தளரும். குரோம்பேட்டையில் ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டால் தானே சரியாகிவிடும். பட்டறைக்குக் கொண்டுபோனால் சக்கரம் கையால் தள்ளச் சுற்றும். "ஒன்றும் இல்லையே" என்ற பதில்தான் வரும். லைனிங் மாற்றி அனுப்புவார்கள். அடுத்த வாரம் மீண்டும் அதே இடத்தில் அதே கோளாறு. இது ஏன் என்பதற்கு பிரேக்கின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

கம்பியிலிருந்து ஆயிலுக்கு

1920-கள் வரை பெரும்பாலான கார்களின் பிரேக்குகள் இரும்புக் கம்பிகளாலும் கேபிள்களாலும் இழுக்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டின் செவன், அமெரிக்காவின் ஃபோர்டு மாடல் ஏ ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பிரேக் பிடித்துக்கொண்டால் காரணம் கண்ணுக்குத் தெரியும்: துருப்பிடித்த முளை, காய்ந்த கேபிள், நீளம் தப்பிய கம்பி. எண்ணெய்க் குவளையும் ஒரு ஸ்பேனரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் படிக்கும் பாஸ்கல் விதிதான் இதன் அடிப்படை. 1921-ல் டியூசன்பெர்க் மாடல் ஏ காரில் நான்கு சக்கரங்களுக்கும் இந்த முறை வந்தது. 1924-ல் கிரைஸ்லர் அதைப் பரவலாக்கியது. 1935-ல் வந்த மாரிஸ் எயிட் சீரிஸ் ஒன் போன்ற சிறிய கார்களிலும் அது இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு அழுத்தம் கிடைத்தது பெரிய நன்மை. ஆனால் கோளாறு கண்ணிலிருந்து மறைந்து, குழாய்க்கும் ரப்பருக்கும் உள்ளே போய்விட்டது.

ரப்பர் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரவத்தை அடைத்து நிறுத்தும் கிண்ண வடிவ ரப்பர் 'கப்'தான் இந்த முறையின் உயிர். தொடக்க காலத்தில் ஆமணக்கெண்ணெயும் சாராயமும் கலந்த திரவங்கள் பயன்பட்டன. பின்னர் கிளைக்கால் வகை ஆயில்கள் வந்தன. இவை ரப்பரைக் கெடுப்பதில்லை. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் அப்படியல்ல. ஒரு கரண்டி என்ஜின் ஆயில் சேர்ந்தாலும், பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்காமல் மாட்டினாலும், கப் ஊதிப் பருக்கும். ஊதிய கப் சிலிண்டருக்குள் இறுகி, திரும்பி வர மறுக்கும். 'ஆயில்தானே, எதுவானால் என்ன' என்று ஊற்றிய ஒரு தடவைக்காக எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய் முழுவதையும் கழுவ வேண்டி வரும்.

சென்னையில் பிரேக்

சென்னையின் தென்பகுதிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்துடன் சேர்ந்து 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் கார்களைச் செய்தது. 1961 முதல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1972 முதல் கெசலும் வந்தன. 1953-ல் டாரிஃப் கமிஷன் பரிந்துரையை அரசு ஏற்றபின், வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி மட்டும் விற்ற நிறுவனங்கள் விலக நேர்ந்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்தாக வேண்டிய நிலை. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பாடியில் பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. ஆதம்பாக்கத்தை அடுத்த கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை வந்திருந்தது. பிரேக் லைனிங் செய்யும் ஆலைகளும் நகரின் மேற்குப் பக்கத்தில் பின்னர் வந்தன.

இருந்தும் 1960, 70-களில் கார் வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கிய காரை இருபது, முப்பது ஆண்டு ஓட்டினார்கள். அதனால்தான் பழைய பாகத்தைச் சீர்செய்யும் கைத்திறன் இங்கே வளர்ந்தது. குழி விழுந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, உள்ளே பித்தளை ஸ்லீவ் போட்டு மீண்டும் பயன்படுத்துவார்கள். புதுப் பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை. இரும்பைப் பழசாக வாங்கலாம், பிரேக் ரப்பரைப் பழசாக வாங்கக் கூடாது.

குண்டூசித் துளை

இனி குரோம்பேட்டையில் நின்ற அம்பாசிடருக்கு வரலாம். பெடல் அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முன்னே போய் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அது முழுதாகப் பின்வந்தால்தான், குண்டூசி நுழையும் அளவே உள்ள ஒரு துளை திறக்கும். சூட்டில் விரிவடையும் ஆயில் அந்தத் துளை வழியாக மேலேயுள்ள தொட்டிக்குத் திரும்பும். (கர்லிங் வகைச் சிலிண்டர்கள் சிலவற்றில் துளைக்குப் பதில் ஒரு சிறு வால்வு இந்த வேலையைச் செய்யும்.)

பெடலின் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிது இடைவெளி வேண்டும். பெடலைக் கையால் அமுக்கினால் சற்றுத் தூரம் எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். 'பெடல் உயரமாக நிற்கட்டும்' என்று யாராவது தள்ளுகோலை நீட்டி முறுக்கியிருந்தால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது. துளை மூடியே இருக்கும். காலையில் ஆயில் குளிர்ந்திருப்பதால் ஒன்றும் தெரியாது. நாலைந்து சிக்னலில் பிரேக் அடித்ததும் சூடேறும். விரிந்த ஆயிலுக்கு வழி இல்லாததால் அதுவே பிரேக்கை அழுத்தும். அழுத்த அழுத்தச் சூடு கூடும், சூடு கூடக் கூட அழுத்தம் ஏறும். ஓரங்கட்டி நிறுத்தினால் ஆயில் குளிர்ந்து சுருங்கி, எல்லாம் விட்டுவிடும். புது லைனிங் போட்டும் தீராததற்குக் காரணம் இதுதான். சூடு சக்கரத்தில் தெரிகிறது, கோளாறோ பெடலடியில் இருக்கிறது. துளையில் அழுக்கு அடைத்திருந்தாலும், கப் ஊதி அதை மறைத்திருந்தாலும் இதே விளைவுதான்.

கண்டறியும் முறை

ஆகவே பிரேக் பிடித்திருக்கும் நேரத்திலேயே சோதிக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, எந்தச் சக்கரம் சுடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டிரம்மைத் தொடக் கூடாது. புறங்கையை அருகே கொண்டுபோனாலே தெரியும். தண்ணீர் ஊற்றினால் சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

நான்கு சக்கரமும் பிடித்திருந்தால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். அதிலிருந்து வெளிவரும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஒழுகும் ஆயிலைத் துணியால் ஏந்திக்கொள்ள வேண்டும் (பிரேக் ஆயில் பெயின்டை அரித்துவிடும்). சக்கரங்கள் உடனே விட்டால் கோளாறு அங்கேதான். முதலில் பெடல் இடைவெளியைப் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை அது.

ஒரு முன்சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறக்க வேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால், பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். வெளியே புதிதுபோல் இருந்தாலும் உட்புறம் ஊதிக் குறுகியிருக்கும். காலின் பலத்துக்கு ஆயில் அதன் வழியே போய்விடும்; ஷூ ஸ்பிரிங்கின் பலத்துக்குத் திரும்பி வராது. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஹோஸ் என்பதால், அது கெட்டால் இரண்டும் சேர்ந்தே பிடிக்கும். நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால், துருப்பிடித்த வீல் சிலிண்டர், ஓய்ந்த ஸ்பிரிங், அளவுக்கு மேல் இறுக்கிய ஷூ, பின்பக்கமானால் ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எதைச் சரிசெய்தாலும் இறுதியில் புது ஆயில் ஊற்றி ஏர் எடுக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதுவது பட்டறைகளில் நெடுங்காலப் பழக்கம். நுரையீரலுக்கு அது பெருங்கேடு. ஈரத் துணியால் துடைப்பதே சரி.

ஈரமும் வெள்ளமும்

கிளைக்கால் வகை ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதற்கான அளவு 140 டிகிரிதான். கடலோர நகரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான். உறிஞ்சிய நீர் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் துருவையும் உண்டாக்கும். அதிகம் ஓடாமல் நிற்கும் பழைய கார்களுக்கே இது கூடுதலாக வருகிறது.

2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் ஆதம்பாக்கம், வேளச்சேரி, மடிப்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. ஏரிகளை ஒட்டி வளர்ந்த தாழ்வான குடியிருப்புகள் இவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தென்சென்னை மீண்டும் தண்ணீரில் நின்றது. நீரில் நின்ற கார்களில் என்ஜினைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு நின்ற வண்டியிலோ, ஈர லைனிங் துருவேறும் டிரம்மோடு சில நாளிலேயே ஒட்டிக்கொள்ளும். என்ஜின் பலத்தால் அதை இழுத்துப் பிரித்தால் லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து வரலாம். டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, வண்டியைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். பிறகு டிரம்மைக் கழற்றிச் சேற்றைத் துடைத்து, கேபிளைக் காயவைத்து எண்ணெயிட வேண்டும். ஆயில் தொட்டி வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஆயில் முழுவதையும் வடித்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் பழைய காரைப் பல நாள் நிறுத்திவைப்பவர்கள், சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியே விடுவது வழக்கம்.