ஏழு வயதுச் சிறுமியும் இரண்டு சொற்களும்

1713-ஆம் ஆண்டு மே மாதம். மொன்றியாலுக்கு எதிர்க்கரையில் உள்ள கானவாகே என்னும் மோஹாக் ஊரில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் எதிரே ஆல்பனி நகரத்து அதிகாரி ஜான் ஸ்கைலர் அமர்ந்திருந்தார். போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சிறைப்பட்டவர்களைத் திரும்பப் பெறுவது அவர் பணி. முதலில் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார், மறுமொழி இல்லை. பின்னர் மொழிபெயர்ப்பாளர் வழியாக, தந்தையை ஒருமுறை பார்த்துவிட்டு விரும்பினால் திரும்பி வந்துவிடலாம் என்று மன்றாடினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அப்பெண்ணின் வாயிலிருந்து வந்தவை இரண்டே சொற்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார்: 'ஸாக்தே ஓக்தே'.

அப்பெண் யூனிஸ் வில்லியம்ஸ். மாசசூசெட்ஸின் எல்லையூரான டீர்ஃபீல்டில் பியூரிட்டன் போதகராக இருந்த ஜான் வில்லியம்ஸின் மகள். 1704 பிப்ரவரி 29 விடியலில் பிரெஞ்சுப் படையினரும், அவர்களோடு அணி சேர்ந்த அபெனாகி, ஹுரோன், மோஹாக் வீரர்களும் அவ்வூரைத் தாக்கி 112 பேரைப் பிடித்துச் சென்றனர். போதகரின் இரண்டு குழந்தைகள் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். சில வாரங்களுக்கு முன்புதான் பிள்ளை பெற்றிருந்த தாய், பனியில் நடக்க மாட்டாமல் வழியில் கொல்லப்பட்டாள். ஏழு வயது யூனிஸ் கனடாவரை உயிரோடு போய்ச் சேர்ந்தாள்.

அவளைக் கொண்டுசென்றவர்களின் நோக்கம் மீட்புப்பணம் மட்டும் அன்று. இரோகுவா மக்களிடையே, இறந்தவரின் இடத்தைச் சிறைப்பட்டவரைக் கொண்டு நிரப்பும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. தாய்வழிக் குடும்பங்களில் பெண்களே அதைத் தீர்மானித்தார்கள். தத்தெடுக்கப்பட்ட குழந்தை அடிமையும் அன்று, விருந்தாளியும் அன்று. அந்தக் குலத்தின் மகள். யூனிஸுக்கு இடப்பட்ட பெயர்களுள் ஒன்றான 'ஆவோங்கோதே' என்பதற்கு, ஓர் ஆளாக நடப்பட்டவள் என்று பொருள் சொல்வார்கள். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவதை அறிந்த மொழிக்காரர்களுக்கு இது விளக்கம் வேண்டாத உருவகம். பறிக்கும்போது வேர் அறுவதும் அதில் அடக்கம்.

மோஹாக்கில் உதடுகளை மூடி ஒலிக்கும் ப, ம போன்ற ஒலிகள் இயல்பாக இல்லை. கத்தோலிக்கப் பெயரான 'மரீ' அங்கே 'வாரி' ஆயிற்று. 'அம்மா', 'அப்பா' என்பவற்றைப் போலவே, ஆங்கிலக் குழந்தை முதலில் பழகும் 'மாமா', 'பாப்பா' என்ற விளிகளுக்கும் உதடுகள் மூடியாக வேண்டும். கானவாகேயில் தாயை அழைக்கும் சொல் 'இஸ்தா'. ஏழு வயதில் ஒரு மொழி நன்றாகவே வேரூன்றியிருக்கும் என்றாலும், பேசுவார் எவருமின்றி அது நிலைப்பதில்லை. தானும் சிறைப்பட்டிருந்த காலத்தில் தந்தை அவளைச் சந்திக்க நேர்ந்தபோது, அவள் ஆங்கிலத்தில் பேசினாள். தன்னை அழைத்துப் போகச் சொல்லி ஏங்கினாள். வேதவசனங்களை மறந்துவிடாதே என்பதே அவரால் சொல்ல முடிந்த ஆறுதல். 1706-இல் விடுதலையான அவர் மறு ஆண்டு வெளியிட்ட நூலில், மகள் ஆங்கிலம் மறந்துவிட்டாள் என்று எழுதுகிறார். வெறும் மூன்று ஆண்டுகள்!

அந்நூலின் தலைப்பே அவரை 'மீட்கப்பட்ட சிறையாளி' என்கிறது. சிறையிலிருந்து விடுவிப்பதற்கும் பாவத்திலிருந்து காப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல். 'மீட்பர்' என்ற சொல்லைக் கொண்ட தமிழிலும் அப்படியே. ஆகவே பியூரிட்டன் தந்தைக்கு, மகள் இந்தியரிடையே இருப்பதைவிட, மார்கரீத் என்ற பெயரில் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றதும் ஆங்கிலத்தில் ஜெபிக்க முடியாமற்போனதும் பெரிய இழப்பு. ஜான் டெமோஸ் 1994-இல் அவளைப் பற்றி எழுதிய வரலாற்றுக்கு 'மீட்கப்படாத சிறையாளி' என்று தலைப்பிட்டது இதற்கு எதிரொலி. ஆயினும் இரு தலைப்புகளும் இழந்தவர் பக்கத்திலிருந்தே பேசுகின்றன.

அவள் பக்கத்தில் இருப்பவை அந்த இரண்டு சொற்கள்தாம். அவற்றின் நேர்ப்பொருள் 'இல்லாமலும் இருக்கலாம்' என்பது போன்ற ஒன்று. தமிழில் ஒருவர் 'பார்க்கலாம்' என்று சொல்லி மறுக்கும்போது கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறதல்லவா, ஏறக்குறைய அதுபோன்ற மரியாதையான மறுப்பு. அருகிலிருந்த கணவர் அரோசென் மட்டும் ஒரு காரணம் சொன்னதாக ஸ்கைலர் குறிக்கிறார்: அவள் தந்தை மறுமணம் செய்யாதிருந்தால் எப்போதோ போய்ப் பார்த்திருப்பாள். அரசியலும் சமயமுமாக எழுதி நிரப்பிய ஏடுகளுக்கிடையே, கொல்லப்பட்ட தாயை நினைவூட்டும் ஒரே குரல் இதுதான்.

விடுதலையான வாழ்வை அவளே தேர்ந்தாள் என்று இன்று போற்றுவோர் உண்டு. அதுவும் பாதி உண்மையே. தேர்ந்தவள் பதினாறு வயதுப் பெண். பிடிக்கப்பட்டவள் வீடு திரும்பக் கெஞ்சிய ஏழு வயதுக் குழந்தை. பிந்தைய மறுப்பு முந்தைய வன்முறையை அழித்துவிடவில்லை. வன்முறையைக் காட்டி மறுப்பைப் பொய்யென்று தள்ளவும் இயலாது.

1714-இல் தந்தையே நேரில் வந்து அழைத்தும் அவள் போகவில்லை. அவர் 1729-இல் இறந்தார். 1740-இல்தான் அவளும் கணவரும் தெற்கே வந்து அண்ணன் ஸ்டீபனைச் சந்தித்தனர். அவரும் பத்து வயதில் அதே நாளில் பிடிக்கப்பட்டு, மறு ஆண்டே விடுவிக்கப்பட்டு, தந்தையைப் போலப் போதகரானவர். பின்னர் பலமுறை வந்தாள். தங்கும்படி ஒவ்வொரு முறையும் வேண்டினார்கள். ஒவ்வொரு முறையும் கானவாகேக்கே திரும்பினாள். 1785-இல், 89 வயதில், அங்கேயே இறந்தாள். முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த அந்த முதற்சந்திப்பில், அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ள நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார்.