கைஃபெங் அரண்மனையின் வானக் காவல்

சீன தேசத்துச் சக்கரவர்த்தி வானத்தின் ஆணை பெற்று ஆள்பவர் என்று அந்நாட்டார் நம்பிய காலத்தில், ஆகாயத்தில் புதிதாக ஒன்று தோன்றினால் அதை முதலில் அறிய வேண்டியவரும் அவரே என்பது ராஜ்யத்தின் ஸ்திரமான கொள்கையாக இருந்தது. ஆகவே ஸோங் வமிசத்தார் தங்கள் தலைநகரமாகிய கைஃபெங்கில், இரவெல்லாம் விழித்திருந்து விண்ணை நோக்குவதையே கடமையாகக் கொண்ட உத்தியோகஸ்தர்களை நியமித்திருந்தார்கள். அரசாங்கத்து வானநூல் இலாகா ஒன்று, அரண்மனைக்குள்ளேயே மற்றொன்று, ஓர் இலாகாவின் அறிக்கையை மற்றதோடு ஒப்பிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும் என்பது ஏற்பாடு. நாளடைவில் அதுவும் கெட்டது. இரு சாராரும் ரகசியமாகக் கலந்துகொண்டு ஒரே அறிக்கையை எழுதிக் கொடுத்து வந்ததைப் பின்னாளில் அந்த இலாகாவின் தலைமையை ஏற்ற ஷென் குவோ என்னும் பேரறிஞர் தம் நூலில் வெளிப்படையாக எழுதி, அதற்காக ஆறு பேரை வேலையிலிருந்து நீக்கியதையும் சொல்லுகிறார்.

இத்தகைய குறைகள் இருந்தும், 1054ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி விடியற்காலையில் அவர்கள் கண்ட காட்சி மெய்யானது. ரிஷப ராசியில், தியான்குவான் என்று அவர்கள் வழங்கிய நக்ஷத்திரத்தின் அருகே ஓர் அதிதி நக்ஷத்திரம் உதித்து, நாற்புறமும் கிரணங்களை வீசி, செம்மை கலந்த வெண்ணிறத்தோடு, சுக்கிரனைப் போல 23 நாள் பகலிலும் தெரிந்து, பின்பு இரவில் மட்டும் புலப்பட்டு, 1056 ஏப்ரல் 6ஆம் தேதி மறைந்தது. ஜப்பானியக் கவி புஜிவாரா நோ தெய்க்கா பழைய ஏடுகளிலிருந்து எடுத்துத் தம் நாட்குறிப்பில் 1230இல் பதிந்துள்ள செய்தியும் அதே இடத்தையே சுட்டுகிறது. யாங் வெய்தே என்ற வானநூல் அதிகாரி இது சக்கரவர்த்திக்குச் சுபசகுனம் என்று பலன் சொன்னார். அந்தப் பலனை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பலன் சொல்லுவதற்காகவே நாளும் இடமும் நிறமும் அத்தனை சிரத்தையோடு எழுதி வைக்கப்பட்டன என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

1731இல் ஆங்கில மருத்துவர் ஜான் பெவிஸ் அவ்விடத்தில் ஒரு மங்கலான ஒளிமேகத்தைக் கண்டார். ராஸ் பிரபு வரைந்த படத்தால் அதற்கு நண்டு என்ற பெயர் வந்தது. அது விரிந்துகொண்டிருக்கிறது என்று 1921இல் வானநூலறிஞர் டங்கன் காட்ட, விரிவின் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்ட ஹபிள், 1928இல் அதைச் சீனரின் அதிதியோடு இணைத்தார்.

அந்த அதிதி உண்மையில் வெடித்துச் சிதறிய ஒரு நக்ஷத்திரம்; அதன் உட்கரு என்னவாயிற்று? சென்னையில் பயின்ற சந்திரசேகர், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறை கொண்ட உட்கரு, எலக்ட்ரான்களின் எதிர்ப்பினால் மட்டும் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று காட்டியிருந்தார். அவ்வாறு சரியும்போது எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் நெருக்கப்பட்டு நியூட்ரான்களாகி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் சூரியனுக்கு மேற்பட்ட நிறை அடங்குகிறது. வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் 1934இல் இதை ஊகமாக வெளியிட்டபோது நம்பியவர் சிலரே. ஆனால் 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் முதல் துடிப்பு நக்ஷத்திரத்தை, அதாவது சுழலுந்தோறும் துடிப்பாகத் தெரியும் நியூட்ரான் நக்ஷத்திரத்தை, கண்டார். மறுவருஷமே நண்டு மேகத்தின் நடுவில் விநாடிக்கு 30 தடவை துடிக்கும் ஒன்று அகப்பட்டது.

அதன் சுழற்சி தளர்ந்து வருகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் விநாடியின் நூறுகோடியில் சுமார் 36 பங்கு நீளுகிறது. அதனால் இழக்கப்படும் சக்தியே, சூரியனின் ஒளியைப் போல் லக்ஷம் மடங்காக, அந்த மேகம் முழுவதையும் ஒளிரச் செய்கிறது. இத்தளர்ச்சியைக் கொண்டு, தொடக்கத்தில் மிகமிக வேகமாகச் சுழன்றது என்று வைத்து எளிய முறையில் வயதைக் கணித்தால் ஏறக்குறைய 1,250 வருஷம் வருகிறது. கைஃபெங் ஏடோ, அந்த வெடிப்பின் ஒளி, 6,500 ஒளியாண்டு தூரம் கடந்து, பூமியை அடைந்து ஆயிரம் வருஷம்கூட ஆகவில்லை என்கிறது. இரண்டும் மாறுபடும் இடத்தில் ஏட்டின் தேதியே பிரமாணமாக நின்றது. அதை வைத்துக் கணித்துத்தான், அந்த நக்ஷத்திரம் பிறந்தபோது விநாடிக்குச் சுமார் 50 முதல் 60 சுற்று வேகத்தில் சுழன்றிருக்க வேண்டும் என்று பௌதிக சாஸ்திரிகள் கண்டார்கள்.