வந்தவர்கள் கட்டிய பட்டினம்

சென்ற ஆண்டு பத்தாந்தர மாணவர்களிடம் புத்தளம் நகரின் படமொன்றை நினைவிலிருந்து வரைந்து வருமாறு கூறியிருந்தேன். வந்த படங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. களப்பு, பெரிய பள்ளிவாசல், கடைத்தெரு, புகையிரத நிலையம், உப்பளம். தில்லையடிப் பக்கத்திலிருந்து வரும் மாணவியொருத்தி தான் வாழும் குடியிருப்பைப் படத்திற் காட்டவில்லை. காரணம் வினவினேன். "அது முகாம்தானே, சேர். டவுனோட சேராது" என்றாள். அவள் பிறந்தது அங்கேதான். அவளுடைய தாயார் 1990இல் மூன்று வயதுக் குழந்தையாக இங்கு வந்தவர். முப்பது ஆண்டுகள் கடந்தும் ஒரு குடியிருப்பு ஊரோடு சேராதெனில், ஊர் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எத்தனை தலைமுறை வாழ்ந்தால் ஒருவன் ஊரவன் ஆவான்? இக்கேள்விகளோடுதான் நம் கரையின் பழைய வரலாற்றைப் புரட்டலானேன்.

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதாவின் கப்பலைக் காற்று இலங்கைக் கரையில் ஒதுக்கியது. அவர் "பத்தாலா" எனக் குறித்த இடம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கொள்கை. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய நகரம் என்று அவர் அதனை வருணிக்கின்றார். மலைநாட்டிலிருந்து வெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையிலே குன்றுபோலக் குவிந்து கிடந்தனவாம். மாபர், மலையாளக் கரைகளைச் சேர்ந்தோர் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று, பதிலுக்கு ஆரியச் சக்கரவர்த்திக்குத் துணிகளை வழங்கினராம். கல்லாற் கட்டிய அரண் ஏதும் அந்த வருணனையில் இல்லை. கடல் கடந்து வந்தோரும், மலையிலிருந்து இறங்கிய பண்டமும், இரண்டையும் ஓரிடத்திற் சேர்த்த கரையும் இருந்தன. நகரம் உருவாக அவை போதுமானவையாயிருந்தன.

கல் பின்னரே வந்தது. புத்தளக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடையே நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. களப்பினுள் நுழையும் ஓடங்கள் அதன் வடமுனையைத் தாண்டியே வரவேண்டும். போர்த்துக்கேயருக்குப்பின் அவ்விடத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 முதல் 1676 வரையான காலத்தில் அங்கே கோட்டை எழுப்பினர். புத்தளத்தின் வழியாகத் தென்னிந்தியாவுடன் கண்டி இராச்சியம் நடத்திவந்த வாணிகத்தை நெரிப்பதே அதன் நோக்கம். கண்டிக்குக் கடல் இல்லை, கடலில்லாதவனுக்கு உப்பில்லை. 1766இல் செய்யப்பட்ட உடன்படிக்கையினால் இலங்கையின் கரை முழுவதையும் கம்பெனி தனதாக்கிக்கொண்டது. சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு அள்ளிச் செல்லக் கண்டி மன்னனின் குடிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் தம் சோற்றுக்கு உப்பிட அந்நியக் கம்பெனியின் அனுமதியை நாடவேண்டிய நிலை! பின்னர் வந்த ஆங்கிலேயரும் உப்பின் ஏகபோகத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். 1930இல் காந்தியடிகள் தண்டிக் கரையிற் குனிந்து அள்ளிய உப்பின் பொருளை நம் உப்பளத் தொழிலாளிக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

கற்பிட்டியில் ஒல்லாந்தரின் கோட்டையும் தேவாலயமும் இன்றும் நிற்கின்றன. அங்கே அவர்தம் பெயர்கள் கல்லறைக் கற்களிற் செதுக்கப்பட்டுள்ளன. அக்கோட்டைக்குக் கல் சுமந்தவர், சுண்ணாம்பு சுட்டவர் எவரின் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் கிடுகுக் குடிசைகளில் வாழ்ந்தனர். கிடுகு இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது. நம் வரலாற்று நூல்கள் கோட்டையைப் பற்றியே பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

இக்கரையின் குடிகளைக் கணக்கிட்டு எழுதிய முன்னோடி ஒருவர் நம்மிடையே இருந்தார். 1807இல் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டியே அவர். 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலால் இலக்கிய மாணவர் அவரை அறிவர். ஆயினும் 1834இல் அவர் வெளியிட்ட இலங்கை இடவிளக்க அகராதியே ஊர்களை ஆராய்வோருக்குப் பெருந்துணை. முக்குவர், சோனகர், கரையார் என இக்கரையின் மக்கட் கூட்டங்களைப் பற்றி அக்கறையோடு எழுதிய அவர், தாமும் வணிகத்தின் பொருட்டுத் தென்னிந்தியாவிலிருந்து வந்து நிலைத்த செட்டி மரபினர்.

வந்தோர் யாவரும் தம் விருப்பால் வந்தவரல்லர். நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பியடியில் ஆபிரிக்க வழியினர் சிலர் இன்றும் வாழ்கின்றனர். ஐரோப்பியர் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவந்தவர்களின் சந்ததி அது. ஆங்கிலேயர் தம் ஆபிரிக்கப் படையைக் கலைத்தபின் கரையிலேயே விடப்பட்டவர்கள் நம்மோடு கலந்தனர். சிலர் உப்பளத்திலும் வேலை செய்தனர். அவர்களின் பாட்டில் போர்த்துக்கேயச் சொற்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. விழா மேடைகளில் அவர்களை ஆடச்சொல்லி மகிழும் நாம், சிரம்பியடி மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று கேட்பது குறைவு.

1926இல் புகையிரதம் வந்து தேங்காயையும் உப்பையும் கொழும்புக்கு விரைவாக ஏற்றியது. கடைத்தெரு தழைத்தது. அதுபற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரிலிருந்தோருக்கு இரண்டு மணி நேர அவகாசமே கிடைத்தது. வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 பேரில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திற்கு வந்தனர். மன்னார்த் தீவின் மக்கள் ஓடங்களில் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஆறரை நூற்றாண்டுக்கு முன் கப்பல்கள் ஒதுங்கிய அதே கரைதான். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. இது நாம் பெருமையோடு சொல்லத் தக்கது.

அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். கிணற்றடியிலும் வேலைத்தலத்திலும் "ஊரவர்", "அகதி" என்ற பிரிவு தலைதூக்கியது. காலையில் உள்ளூர்ப் பிள்ளைகளும் மாலையில் அகதிப் பிள்ளைகளும் ஒரே கட்டடத்திற் படித்தனர். கூலி குறைந்துபோயிற்று எனத் தொழிலாளி தொழிலாளியை நொந்தான். மலிந்த கூலியில் தோட்டத்து வெங்காயத்தையும் மிளகாயையும் விளைவித்து இலாபம் கண்ட முதலாளியை எவரும் நோகவில்லை. பின்னர் உலக வங்கியின் கடனுதவியோடு கல்வீடுகள் எழுந்தன. ஆயினும் பலரின் வாக்கு மன்னாரிலேயே பதிவாகியிருந்தது. 2019 நவம்பர் 16இல், ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னார் சென்ற பேருந்துகள் தந்திரிமலை அருகே துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்லெறிக்கும் இலக்காயின. வீடு ஓரிடத்திலும் வாக்கு வேறிடத்திலுமாக வாழ்பவரை எந்த ஊரின் படத்தில் வரைவது?

அம்மாணவியிடம் இவற்றையெல்லாம் கூறவில்லை. கறுவாக் கட்டைகளின் கதையை மட்டும் வகுப்பிற் சொன்னேன். இவ்வாண்டும் அதே படத்தை வரையக் கொடுத்திருக்கிறேன். நகரின் எல்லைக்கோட்டைத் தில்லையடிக்கு இப்பால் இடுவதா, அப்பால் இடுவதா என்று மாணவரிடையே எழுந்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.