இரண்டு வெற்றுப் பைட்டுகள்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஓர் எண்ணின் பாதியை ஒரு வரியின் கடைசியிலும் மீதியை அடுத்த வரியின் தொடக்கத்திலும் எழுதினால் படிப்பவர் திண்டாடுவார் அல்லவா? கணிப்பொறிக்கும் இதே தொல்லை உண்டு.

நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் 0, 1, 2 என்று வரிசை எண் உண்டு. 32 பிட் செயலகம் நான்கு பைட்டுகளை ஒருசேர எடுக்கும். அவை 0, 4, 8 என நான்கால் வகுபடும் எண்ணில் தொடங்கினால் வேலை எளிது. 1964-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 கணிப்பொறிகளில் இது கண்டிப்பான விதி. 1978-ல் வந்த இன்டெல் 8086 விதி மீறலைப் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் ஒரு முறைக்கு இரு முறை நினைவகத்தை அணுகும். மறு ஆண்டு வந்த மோட்டரோலா 68000, ஒற்றைப்படை இடத்திலிருந்து இரு பைட்டுகளைச் சேர்த்துக் கேட்டால் பிழை என்று அறிவித்துவிடும். தொடக்க கால ஏ.ஆர்.எம். செயலகங்களோ ஒன்றும் சொல்லாமல் பைட்டுகளைச் சுழற்றி, வேறோர் எண்ணைத் தந்துவிடும். மூன்றிலும் ஆபத்தானது இதுவே.

இனி வலையமைப்புக்கு வருவோம். 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் நிறுவனங்கள் வெளியிட்ட ஈதர்நெட் வரையறைப்படி, தகவல் பொட்டலத்தின் முன்னே பெறுநர் முகவரி 6 பைட், அனுப்புநர் முகவரி 6 பைட், வகைக் குறிப்பு 2 பைட், ஆக 14. அதற்குள் வைத்து அனுப்பப்படும் இணைய நெறிமுறையின் வரையறை 1981 செப்டம்பரில் வந்தது. அது தன் தலைப்பகுதியை நான்கு நான்கு பைட்டுகளாக ஒழுங்காக அடுக்கியது. தனித்தனியே இரண்டும் சரி; சேர்த்தால்தான் சிக்கல்! இணையத் தலைப்பில் அனுப்புநர் முகவரி 12 பைட் தள்ளி இருக்கிறது. 14 + 12 = 26. இது நான்கால் வகுபடாது.

உலகெங்கும் பரவிவிட்ட வரையறையை மாற்ற இயலாது. இயக்க முறைமையின் மையப்பகுதியான கெர்னலை எழுதியோர் வேறு வழி கண்டனர். வரும் பொட்டலத்தை 0-வில் இறக்காமல், முன்னே இரு பைட்டுகளை வெறுமையாக விட்டு 2-ல் இறக்கினர். இப்போது அந்த முகவரி 28-ல் அமர்கிறது. கம்பியில் செல்லும் பொட்டலத்தில் ஒரு பிட் கூட மாறவில்லை!

ஆனால் இந்த வெற்றிடத்துக்கும் ஒரு விலை உண்டு. வலையமைப்பு அட்டை பொட்டலத்தைத் தானே நினைவகத்தில் எழுதுகிறது. ஒழுங்கற்ற இடத்தில் தொடங்கினால் அதன் வேகம் குறையலாம். புதிய இன்டெல் வகைச் செயலகங்களுக்கோ முறை தவறிய வாசிப்பு பெரிய சுமை அன்று. ஆகவே அவற்றுக்கு 2010-ல் லினக்ஸ் கெர்னலில் அந்த 2 என்ற எண் 0 ஆக்கப்பட்டது. கண்டிப்பான செயலகங்களுக்கு 2 தொடர்கிறது.

நீங்களும் ஒருநாள் பிறர் எழுதிய நிரலில் காரணம் விளங்காத சிறு எண் ஒன்றைக் காணலாம். ஏன் என்று கேளாமல் அதை நீக்கிவிடாதீர்கள்!